பக்கத்து வீட்டுக்கு நான் அழைத்த போலீஸ்

போலீஸுக்குத் துப்புக் கொடுக்கும் அந்த எண்ணுக்கு அழைத்தது நான்தான். என் கணவருக்கே இதை ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அன்று மத்தியான இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல், காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து அழைத்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை என்று மறுமுனையில் இருந்த பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கு எத்தனை கார்கள் வரும், எந்த நேரத்தில் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னேன். கடைசியில், "வீட்டில் துப்பாக்கி இருக்குமா?" என்று கேட்டாள்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அந்த வீட்டுக்கு வந்த காரிலிருந்து நீளமான ஒரு பையை இருவர் இறக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மேபி" என்றேன். அவள் கொஞ்சம் பொறுத்திருந்தாள். அந்த மௌனத்தை நிரப்பவேண்டும் போல இருந்தது. "ஐ திங்க் ஸோ" என்றும் சொன்னேன்.

மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் நாங்கள் இருக்கும் தெருவில் பாதி வீடுகள் அரசாங்கத்தினுடையவை. எங்கள் வீடு சொந்த வீடு. பக்கத்து வீடு அரசாங்க வீடு. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு பலகை வேலி. அந்த வீட்டில் இருந்தவள் டோங்காவிலிருந்து வந்தவள், என் வயதுக்காரி, ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. அவளுடைய மகள் வழிப் பேத்தி, ஐந்து வயது, அவளோடுதான் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் காதில் என் தமிழாகவே நிற்கிறது.

எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது, இரண்டு கிழமை அவள்தான் வேலிக்கு மேலால் எங்கள் உடுப்புக் கூடையை வாங்கிக்கொண்டுபோய்த் துவைத்துக் காயப்போட்டு மடித்துத் தந்தாள். என் கணவரின் உள்ளாடைகளைக்கூட மடித்திருந்தாள். வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தேவாலயத்தில் விருந்து நடக்கும் நாட்களில் சேம்பிலைக்குள் தேங்காய்ப் பாலும் இறைச்சியும் வைத்துச் சுடுவாள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று தெரிந்த பிறகு, எங்களுக்கென்று மீன் வைத்துத் தனியாக ஒன்று சுட்டு, குழம்பிப்போகாமல் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி அனுப்புவாள். இப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன்.

அவளுடைய மகன் இங்கே பிறந்து, எட்டு வயதில் தகப்பனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனவன். அங்கே ஏதோ குற்றத்துக்காகச் சிறையில் இருந்து, முப்பது வயதில் நாடு கடத்தப்பட்டு இங்கே வந்து இறங்கினான். இந்த நாட்டில் அவனுக்குத் தாயைத் தவிர ஒருவரையும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் மோட்டார் சைக்கிள்காரர் கூட்டமொன்று அவனைத் தெரிந்துகொண்டது. முதுகில் கூட்டத்தின் சின்னம் தைத்த தோல் ஜாக்கெட் வந்தது. பிறகு கார்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம் நிற்கும். கராஜ் கதவு அரைவாசி திறந்து மூடும்.

அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் முழுக்க நடப்பதுதானே என்று இருந்தேன். பிறகு ஒருநாள் துவைக்கப் போட்ட என் மகனின் ஜாக்கெட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. முனையில் சிறு குமிழ். உள்ளே கருகிய பழுப்புக் கறை.

என் மகன் அப்போது மனுகாவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. மெலிந்துபோயிருந்தான். இரவில் நடப்பான், பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடப்பான். சோதனை நெருங்குவதால் என்று நான் நினைத்திருந்தேன். குழாயைக் கணவரிடம் காட்டினேன்.

"உதென்ன, ஏதும் லாப் சாமானா இருக்கும். எங்கட பிள்ளை அப்பிடிச் செய்யமாட்டான். நீர் சும்மா யோசியாதையும்" என்றார்.

"இது லாப் சாமான் இல்லை. மெத் எண்ட போதைமருந்து இழுக்கிற குழாய். எங்கட வேலையிடத்தில படம் காட்டி வகுப்பு வைச்சவை."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. பஸ் ஓட்டுநர் சீருடையோடு கட்டில் ஓரத்தில் இருந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினார்.

மகனிடம் கேட்டபோது, "ஐம் ஃபைன், அம்மா" என்று மட்டும் சொன்னான். எங்கே வாங்கினாய் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பின்னேரம் அந்தக் கராஜ் கதவுக்குக் கீழால் குனிந்து வெளியே வந்த முதுகு அவனுடையது.

நான் முதலில் அவளிடம்தான் போனேன். அவள் சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும், சிஸ்டர். போதகரைக் கூட்டிவந்து கதைச்சுப் பார்த்தேன். வெளியே போ என்றும் சொல்லிப் பார்த்தேன். எங்க போறது என்று கேட்கிறான். சின்னப் பிள்ளையா என்னை விட்டிட்டாய், இப்பவும் விடப்போறியா என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?"

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு அழைத்தேன்.

மூன்று கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. அழைத்ததை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். குளிர்காலம். ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கணவர் அதற்கு முன்பே பஸ் எடுக்கப் போயிருந்தார். மகன் தன் அறையில். தெரு முழுக்கத் திடீரென்று வெளிச்சம். ஒலிபெருக்கியில் ஒருவர் பக்கத்து வீட்டு இலக்கத்தைச் சொல்லி, ஆயுதப் போலீஸ் வந்திருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வாருங்கள் என்றார்.

சமையலறை ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். தலைக்கவசம், கறுப்பு உடுப்பு, நீட்டிப் பிடித்த துப்பாக்கிகள். எங்கள் வேலியோரத்திலேயே மூன்று பேர் குந்தியிருந்தார்கள். முதலில் அவளுடைய மகன் வந்தான், நிலத்தில் குப்புறப் படுத்தான். பிறகு அவள் இரவு உடுப்போடு வந்து, ஈரப் புல்லில் முழங்காலில் நின்றாள். கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்க்கச் சொன்னார்கள். கடைசியாகப் பேத்தி. ஒலிபெருக்கி சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்கிறாள். தூக்கு என்று கேட்கும் குழந்தை நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஒருவரும் தூக்கவில்லை. ஒரு பெண் போலீஸ் ஓடிவந்து அவளைப் போர்வையில் சுற்றும்வரை அப்படியே நின்றாள்.

யுத்த காலத்தில் எங்கள் ஊரை ராணுவம் சுற்றிவளைக்கும்போது கோயில் வீதியில் எல்லோரையும் வரிசையாக நடக்கவிடுவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் சாக்கால் தலையை மூடிக்கொண்டு இருப்பான். கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். அவன் தலையை அசைத்தால் ஆள் போய்விடும். என் தம்பியைப் பார்த்து அவன் தலையை அசைத்தான். தம்பிக்குப் பத்தொன்பது வயது. பிறகு வரவேயில்லை. அம்மா சாகும்வரை, "ஆரோ தெரிஞ்ச ஆள்தான். எங்கட வீட்டில சோறு திண்ட ஆராவதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அந்தத் திரைக்குப் பின்னால் நின்றபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. இங்கே நடந்தது வேறு, அங்கே நடந்தது வேறு என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். இங்கே ஒருவரும் காணாமல் போகவில்லை; சட்டத்தரணி வந்தார்; வழக்கு நடந்தது. எல்லாம் சரி. ஆனால் அன்று திரையை விலக்கிப் பிடித்திருந்த என் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கராஜிலிருந்து போதைமருந்துப் பொட்டலங்களை எடுத்தார்கள். துப்பாக்கி எதுவும் இருக்கவில்லை. அந்த நீளப் பையையும் வெளியே கொண்டுவந்து புல்லில் திறந்து பார்த்தார்கள். மீன்பிடித் தூண்டில்கள்.

ஒன்பது நாள் கழித்து இரண்டு துப்பறிவாளர்கள் சாதாரண உடுப்பில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார்கள். பிடித்துக்கொண்டுபோன அவளுடைய மகனின் போனில் என் மகனின் செய்திகள் இருந்தனவாம். அவன் பாவித்தது மட்டுமல்ல, கூடப் படித்த நாலைந்து பேருக்கு வாங்கிக் கொடுத்தும் இருக்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல் என் கணவர் அவர்களிடம், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று தமிழில் கேட்டார். அவர்களுக்கு விளங்கவில்லை. மகன் மட்டும் தலையைத் தூக்கித் தகப்பனைப் பார்த்தான். அப்போதுதான் அழுதான்.

மகனைக் காப்பாற்றத்தான் அழைத்தேன். வந்த போலீஸ் அவனையும் கொண்டுபோனது.

பக்கத்து வீட்டுச் சுவர்களில் போதைமருந்தின் தடயம் இருப்பதாகச் சொல்லி, வீட்டுக்குப் பொறுப்பானவர்கள் அவளை வெளியேறச் சொன்னார்கள். பதினெட்டு வருடம் இருந்த வீடு. மனுகாவில் ஒரு மோட்டலில் அவளுக்கும் பேத்திக்கும் ஓர் அறை கிடைத்தது. மெத்தைகளையும் சோபாவையும்கூட அதே காரணத்தால் கொண்டுபோக விடவில்லை. தெருவோரத்தில் மழையில் கிடந்தன.

நீதிமன்றத்தில் மறுபடி சந்தித்தோம். இரண்டு மகன்களின் வழக்குகளும் ஒரே நாளில் வந்தன. தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு உடுப்போடு வந்திருந்தவள், தாழ்வாரத்தில் என்னைக் கண்டதும் வேகமாக வந்து பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்தாள். "என்ர மகனால உன்ர மகனுக்கு இப்படி ஆச்சு. என்னை மன்னி, சிஸ்டர்" என்றாள். தன் மொழியில் என் மகனுக்காகச் செபித்தாள். என்னால் கையை இழுக்கவும் முடியவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தாங்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு மோட்டலுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். ஜன்னல் திரைக்கு இடையால் பார்த்தால், அறை நடுவில் பேத்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அவள் வந்து பிள்ளையின் கைகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, "பக்கத்து வீட்டு ஆன்ரிதான், பயப்படாதே" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். "யார் தட்டினாலும் இப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் செய்யுதாம்."

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். போனில் கேட்டதையெல்லாம், நான் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"துப்பாக்கி இருக்குதென்று சொன்னதும் நீயா?"

"ஓம்." தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கியது.

"நீ என்னட்ட வந்திருக்கலாம்."

"வந்தேனே."

"மறுபடி வந்திருக்கலாம்."

அவள் குழம்பையும் சோற்றையும் தன் பாத்திரங்களில் மாற்றினாள். என் பாத்திரங்களைக் கழுவினாள், துடைத்தாள், பைக்குள் வைத்தாள். எத்தனை வருடமாக ஏனங்கள் மாறி மாறிப் போய்வந்தன, ஒருநாளும் அவள் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. ஒரு எலுமிச்சம்பழமாவது உள்ளே இருக்கும். பையை என் கையில் தந்து, கதவை மெதுவாகச் சாத்தினாள். பிறகு அவள் போனை எடுக்கவில்லை. சில மாதத்தில் அந்த எண்ணும் இல்லாமல் போனது.

என் மகனுக்கு ஒன்பது மாத வீட்டுக் காவல். கணுக்காலில் கட்டிய கருவியோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். சிகிச்சைக்கும் போனான். இப்போது ஒரு சேமிப்புக் கிடங்கில் வேலை செய்கிறான். எனக்குத் தெரிந்தவரை சுத்தமாக இருக்கிறான். உண்மையை அவனுக்கும் சொன்னேன். "யூ ப்ராபப்ளி சேவ்ட் மீ, அம்மா" என்றான். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், வேலிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்காலத்தில் பாதி நாளை அவன் அந்த வீட்டில்தான் கழித்தான். அவளுடைய மகனுக்கு ஏழு வருடச் சிறை.

சென்ற வருடம் மனுகாவில் பெரிய கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். பள்ளிச் சீருடையில் நாலைந்து சிறுமிகள் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டபடி எதிரே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்தப் பேத்தி. உயர்ந்திருந்தாள். பாட்டியின் அதே அகன்ற நெற்றி, அதே சிரிப்பு. என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அம்மம்மா எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. அவளுக்கு நான் யாரென்று சொல்லிக் கேட்பது? நகரும் மின்படிக்கட்டு வரைக்கும் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் மேலே ஏறிப் போனார்கள். நான் கீழே நின்றுவிட்டேன்.