சிவப்புப் புள்ளிக்காரரின் லேத்

எந்திர ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் தர ஆய்வாளராக இருந்தவர் அவர். டர்னர்கள் லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் கடைந்து அனுப்பும் உருப்படிகளை மைக்ரோமீட்டரில் அளப்பார். மயிரிழை தவறினாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துத் தள்ளிவிடுவார். அதனால் புள்ளிக்காரர் என்றே பெயர் நிலைத்தது. தன் கையால் அவர் ஒரு திருகாணி கூடக் கடைந்ததில்லை. அதை யாரும் குறையாகச் சொன்னதும் இல்லை. நீதிபதியிடம் போய், நீங்கள் எத்தனை திருட்டுச் செய்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

ஓய்வு பெற்றதும், வீட்டின் பின்னறையில் சொந்தமாக ஒரு பழைய லேத் வாங்கிப் போடப்போவதாக அறிவித்தார். முதல் வேலையும் காத்திருந்தது. மனைவியின் தையல் மெஷின் சக்கரத்துக்குள் அச்சைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்துபோய், மிதித்தால் மேசையோடு நடுங்கியது. புதிதாக ஒரு புஷ் கடைவது அரை மணி நேர வேலை. அவளுடைய அண்ணனே அதே ஆலையில் டர்னராக இருந்தவர்தான்.

"உங்க அண்ணன் கடைஞ்சது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. நானே போட்டுத் தர்றேன்" என்றார் புள்ளிக்காரர்.

சொல்லி நான்கு வருஷம் ஆயிற்று. மெஷின் போர்வைக்கடியில் கிடந்தது. துணி கொடுத்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நான்கு வருஷத்தில் அவர் பதினேழு லேத்துகளைப் பார்த்தார். பார்க்கும் முறையில் குற்றம் சொல்ல முடியாது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பார். கியர்களைத் திறந்து பல்லை எண்ணுவார். சக்கை, அதாவது உருப்படியைக் கவ்விச் சுழலும் பாகத்தை, கையால் சுற்றி டயல் முள் ஆடுகிறதா என்று பார்ப்பார். கடைசியாக பெட். கடையும் டூல் முன்னும் பின்னும் நகரும் அந்த நீண்ட இரும்புத் தடத்தில், சக்குக்கு அருகே நகத்தால் தடவுவார். சின்ன வேலைகளெல்லாம் அங்கேதான் நடக்கும், தேய்வதும் அங்கேதான். விற்கிறவர்கள் மறுகோடியில்தான் டூலை ஓட்டிக் காட்டுவார்கள்.

அவர் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. உண்மைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு ஒரு மனிதன் வேலையிலிருந்து தப்பித்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பதினேழாவதைப் பார்க்க மனைவியின் அண்ணனும் கூடப் போனார்.

"பெட் கால் மில்லிமீட்டர் தேய்ஞ்சிருக்கு" என்றார் புள்ளிக்காரர், விளக்கைப் பிடித்துக் குனிந்தபடி.

"சார், இருபது வருஷம் சோறு போட்ட மெஷின். தேயாம இருக்குமா?" என்றார் வியாபாரி.

"ஆடத் தெரியாதவங்க மேடை கோணல்னு வாயால சொல்லுவாங்க. எங்க மாப்ள டயல் வெச்சு அளந்தே காட்டுவாரு" என்றார் அண்ணன்.

புள்ளிக்காரர் பதினான்கு குறைகளைச் சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு, வியாபாரியிடம் நீட்டிவிட்டு வெளியேறினார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் வாசலில் வண்டி நின்றது. நான்கு பேர் அந்த லேத்தை இறக்கினார்கள். பின்னாலேயே மனைவியும் அண்ணனும் வந்தார்கள். அவள் கையில் அந்தச் சீட்டு.

"இதக் காட்டித்தான் பேரம் பேசினேன். நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

"ஏய், இதோட பெட்டு தேய்ஞ்சிருக்குடி!"

"இருக்கட்டும். என் மெஷின் நாலு வருஷமா தேயாமத்தான் கெடக்கு."

தப்பிக்க வழியில்லை. மூன்று நாள் துடைத்தார். இரண்டு நாள் எண்ணெய் விட்டார். ஆறாம் நாள் பித்தளைத் துண்டைச் சக்கில் மாட்டியதை மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நல்ல மனைவி என்பதற்காக அல்ல. பேசினால் நிறுத்திவிடுவார் என்பதற்காக.

இரண்டு துண்டுகள் பாழாயின. மூன்றாவது புஷ் மாதிரி இருந்தது. அளந்தார். துளை, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு பெரிது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து, புஷ்ஷின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். மூலையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அண்ணன் வந்து புஷ்ஷை மாட்டிக் கொடுத்திருந்தார்.

"அதைக் கழட்டு. அது ரிஜெக்ட்."

"கை வெச்சீங்க, ஊசி உங்க விரல்லதான் இறங்கும்."

மெஷின் நடுங்கவில்லை. அண்ணன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் போட்டிருந்தா தள்ளியிருப்பீங்க, இல்ல மாப்ளே?"

"தள்ளியிருப்பேன்."

"தள்ளினதெல்லாம் என்ன பண்ணினோம்னு தெரியுமா?"

"உருக்கப் போயிருக்கும்."

"எங்க போச்சு? புள்ளிய மண்ணெண்ணெய்ல தொடச்சு மறுநாள் உங்க மேசைக்கே வரும். பாதிக்கு மேல பாஸ் பண்ணிருவீங்க. முப்பத்தொரு வருஷமா எங்க செக்ஷன் மண்ணெண்ணெய்ச் செலவே உங்களாலதான்."

புள்ளிக்காரர் மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து, பிறகு வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை தைக்க உட்கார்ந்த மனைவிக்கு மூக்கில் ஏதோ நெடி அடித்தது. சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தாள். புஷ்ஷின் விளிம்பு பளபளவென்று இருந்தது, புள்ளியைக் காணோம். பின்னறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் தொங்கிய கந்தல் துணியிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.