ஜன்னலுக்கு வெளியே நட்ட பயிர்

என் கம்ப்யூட்டர் சமையலறைக்குள் நுழைந்தால் மட்டும் செத்துப்போகும். வாசல், வரவேற்பறை, மாடிப்படி எல்லாவற்றையும் சமர்த்தாகச் சுற்றிவரும். சமையலறைக் கதவைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் போதும், திரை கறுத்துவிடும். பெட்டிக்குள் விசிறி மட்டும் மாவு மில் போல இரையும். கொஞ்ச நேரம் கழித்துத் திரை திரும்பி வந்து, திரையில் படம் வரையவைக்கும் கிராபிக்ஸ் டிரைவர் நின்றுவிட்டதாகவும் தானே மறுபடி கிளம்பிவிட்டதாகவும் ஒரு வரி காட்டும், ஏதோ நமக்கு உபகாரம் செய்துவிட்ட மாதிரி. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமையலறை அப்போது கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. பாபநாசம் மெயின் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வீடு கட்டப்போகிறவர்களுக்கு அந்த வீட்டை முன்கூட்டியே படமாகக் கட்டிக் காட்டுவது என் பிழைப்பு. வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து போவது போல ஒரு வீடியோவும் செய்து கொடுப்பேன். இந்தப் பக்கத்தில் கட்டுகிற வீடுகளில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். மேஸ்திரி இங்கே, முதலாளி அங்கே. நடுவில் என் படம் இல்லாவிட்டால் ஒரு செங்கல் நகராது.

அந்த வீடு பக்கத்து ஊர் பாய் ஒருவருடையது. அவர் குவைத்தில் இருந்தார். வெயிலில் குடையோடு நின்று கட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி. குடையின் தலை தெருமுனையில் தெரிந்தாலே மேஸ்திரி பீடியை அணைத்துவிடுவார். பாய் தன் அறைத் தோழர் ஒருவர் கட்டிய வீட்டின் பிளானை அப்படியே அனுப்பியிருந்தார். அதில் பின்பக்க அறை ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். சமையலறை பக்கவாட்டில், அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. இந்த அம்மாவுக்கோ பின்பக்க அறைதான் சமையலறையாக வேண்டும், அதில் வயலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் வேண்டும்.

"இப்ப இருக்கிற வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டே சமைச்சுத்தான்ணே என் காலம் போச்சு. புது வீட்டுலயும் சுவரா? குவைத்லேர்ந்து அவங்க, வயக்காட்டுப் பக்கம் ஜன்னல் வச்சா கொசு வரும்ங்கிறாங்க. படம் போட்டுக் காட்டு, பாத்துட்டுச் சொல்றேன்னு முடிச்சிட்டாங்க. நீங்க காட்டுற மாதிரி காட்டுங்க."

அடுப்பு மேடை விஷயத்தில் இன்னும் கறார். என் மேஜைப் பக்கத்தில் வந்து நின்று, கையை இடுப்புக்கு நேரே நீட்டி அளந்து காட்டினார்.

"ரெண்டே முக்கால் அடி. ஒரு விரக்கடை குறையக் கூடாது. எங்க அம்மா வீட்டுல ரெண்டரையா போட்டுட்டு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு."

பின்சுவர் ஜன்னல் மட்டம் வரை எழும்பி நின்றிருந்தது. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் செங்கல் வைத்து மூடிவிட்டு மேலே போய்விடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆக வெள்ளிக்கிழமை மாலை வீடியோவைக் காட்டியாக வேண்டும். அந்த வாரம் பார்த்துத்தான் இந்தக் கறுப்புத் திரை.

கும்பகோணத்தில் எனக்குப் பெட்டி விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்காமலே, "கிராபிக்ஸ் கார்டு போச்சு சார், மாத்திடுங்க" என்றார். மௌஸ் வேலை செய்யவில்லை என்று சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார். கீழே உரக்கடைக்காரர், வயலில் மோட்டார் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது, அதுதான் கோளாறு என்றார். ஸ்டெபிலைசரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முள் அசையவில்லை, திரை மட்டும் கறுத்தது.

அடுத்து சூடாக இருக்குமோ என்ற சந்தேகம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேரே திருப்பி வைத்தேன். தூசி பறந்து என் மூக்கில் ஏறியதுதான் மிச்சம். சூடு ஏறவே இல்லை. கார்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். மின்சார ஒயரைக் கழற்றி அழுத்தி மாட்டினேன். டிரைவரை அடியோடு துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன், அதையும் துடைத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். ஒவ்வொரு முறையும் வாசலிலிருந்து கிளம்பி, வரவேற்பறை தாண்டி, சமையலறைக் கதவைத் திறப்பேன். உள்ளே போய் இடதுபக்கம் திரும்புவேன். கறுத்துவிடும்.

கார்டு நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழிதான் இருந்தது. கார் ரேஸ் விளையாட்டு ஒன்றை இறக்கி, எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஓட்ட ஆரம்பித்தேன். கார்டுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. மலைப்பாதையில் பறந்துகொண்டிருந்தபோது, சாப்பாட்டுக் கேரியரோடு மாடியேறி வந்த என் மனைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"வேலை மும்முரமா நடக்குது போல" என்றாள்.

"டெஸ்ட் பண்றேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க. அந்தம்மா நாளைக்கு வந்து கேட்டா, உங்க வீட்டுக்காரர் கார்ல வந்துக்கிட்டே இருக்கார்னு சொல்லிடலாம்."

கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கார் மட்டும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கார்டு நன்றாக இருக்கிறது. கோளாறு நான் கட்டிய வீட்டில் இருக்கிறது.

சமையலறையில் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜை எடுத்தேன், கறுத்தது. கண்ணாடி ஜாடிகளை எடுத்தேன், கறுத்தது. குழாய், சிம்னி, தொங்குகிற விளக்கு என்று அறையையே காலி செய்தேன். வெறும் சுவரும் ஜன்னலும் மிஞ்சிய பிறகும் கறுத்தது. கடைசியில் மனசே இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே இருந்த வயலை மறைத்தேன். கேமரா வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி, ஜன்னல் முன்னால் அழகாக நின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த வயல் என் சொந்த நடவு.

இந்தத் தொழிலில் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே ஒரு புல்தரையைப் போட்டுவிடுவார்கள். கடையில் வாங்கின மாதிரி எங்கேயோ உள்ள புல், நடுவில் குடை மாதிரி வெட்டிவிட்ட இரண்டு சவுக்கு மரம். பாபநாசத்தில் எந்த வீட்டுக்குப் பின்னால் புல்தரை இருக்கிறது? நான் நெல் நட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு குத்துப் பயிர் செய்துவிட்டால், அதையே ஆயிரம் இடத்தில் காட்டு என்று சொல்லிவிடலாம். கார்டு அந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சமாளிக்கும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பார்த்தால் வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக, அத்தனை பயிரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றது. பெண்கள் குனிந்து நட்ட வயல் அப்படி இருக்காது. வரிசை லேசாக நெளியும், ஒரு குத்து தடித்திருக்கும், வரப்போரத்தில் இடைவெளி விழும். அதனால் ஒவ்வொரு குத்தையும் தனிப் பொருளாகப் பிரித்துவிட்டு, வரிசையைக் கையால் நகர்த்தி நகர்த்திக் கோணலாக்கினேன். ஒவ்வொரு நெல்தாளையும் கார்டு தனித்தனியாகச் சுமக்க வேண்டியதாயிற்று. ஜன்னல் கண்ணில் பட்டதும் முழு வயலும் ஒரேயடியாக அதன் தலையில் இறங்கியது. பாவம், அது என்ன செய்யும்?

பயிரைப் பிடுங்கிவிட்டு வெறும் பச்சைத் தரை போட்டால் வேலை முடிந்தது. ஆனால் வெளியே ஒன்றுமில்லாத ஜன்னலை யார் கேட்பார்கள்? கொசுதான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த மனைக்கே போனேன். பின்பக்க அறையில், ஜன்னல் வரவேண்டிய இடத்தில் நின்று வயலை ஒரு போட்டோ எடுத்தேன். சம்பாப் பயிர் கரும்பச்சையாக நின்றது. தூரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை, அதன் மேல் சாய்ந்த மாதிரி ஒரு தென்னை. ஆபீசுக்கு வந்து, ஜன்னலை ஒட்டிய சில வரிசைகளை மட்டும் என் பயிராக வைத்துக்கொண்டேன். அதற்கு அப்பால் இருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டு, போட்டோவைத் திரைச்சீலை மாதிரி நிறுத்தினேன். மறைத்த சாமான்களை எல்லாம் திரும்ப வைத்துவிட்டு வாசலிலிருந்து கிளம்பினேன். சமையலறை, இடதுபக்கத் திருப்பம், ஜன்னல். கறுக்கவில்லை.

மாலையில் அந்த அம்மா வந்தார். போனில் வீடியோ கால் போட்டு, என் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பாய் பனியனோடு ஒரு இரும்புக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாசலுக்கு "ம்" என்றார். இரவெல்லாம் நான் உழைத்த வரவேற்பறைத் தொங்கு விளக்குக்கும் அதே "ம்"தான். சமையலறைக்குள் போய் இடதுபக்கம் திரும்பினோம். போன் பக்கம் பார்த்தேன். பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அது நம்ம கொல்லைக்குப் பின்னாடி உள்ள மோட்டார் கொட்டகைதானே?"

"ஆமா மச்சான்" என்றார் அந்த அம்மா. குரலில் ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

"இன்னொரு தடவை காட்டு." காட்டினோம். "ஜன்னல் நீ சொன்ன மாதிரி பெருசாவே வை. ஆனா அந்த ரூமைப் படுக்கிற ரூமா மாத்தச் சொல்லு."

அந்த அம்மாவின் கை இறங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், இது சமையலறைக்குன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அடுப்படிக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு பெரிய ஜன்னல்? இங்க எங்க ரூம்ல ஜன்னலே கெடையாது. வருஷத்துக்கு ஒரு மாசம் வர்றேன். அந்த ஒரு மாசம் கண்ணு முழிச்சா இதைப் பாக்கணும்."

அவர் கேட்டதில் தப்பில்லை. என் நெல் அவ்வளவு நன்றாக விளைந்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற பதினோரு மாதம் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை மறுபடி நிமிர்த்திப் பிடித்தார்.

"சரி மச்சான். படுக்கிற ரூமாவே இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழ ஒரு மேடை போட்டுக்கலாமா? நீங்க உக்காந்து டீ குடிக்கலாம்."

"போடு, போடு. நல்லா நீளமாவே போடச் சொல்லு." பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

கால் முடிந்தது. அந்த அம்மா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடையை எடுத்தார். நான் படத்தில் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, மேடை எவ்வளவு உயரம் வேண்டும், உட்காருவதற்கு ஒன்றரை அடி போதுமா என்று கேட்டேன்.

"ரெண்டே முக்கால் போடுங்கண்ணே" என்றார். "பக்கத்துல தண்ணிக் குழாய்க்கும் ஒரு இடம் விட்டுடுங்க. டீ குடிச்சா கை கழுவணும்ல."