சட்டைத் தோளில் பூ

திகாம் பத்து டவுனில் ஒரு துணிக்கடையில் நேற்று, தோளில் நூல்பூ போட்ட சட்டை ஒன்று தொங்கியதைப் பார்த்ததும் என் விரல் தானாகப் போய் அதைத் தடவியது; அப்பாவின் சட்டைகளில் இருந்த அதே தடிப்பு. என் சின்ன வயதில், கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்து லய வீட்டில், பால் வெட்டப் போகும் அப்பாவுக்கு வாங்கும் புதுச்சட்டையை அவர் ஒருமுறைகூடப் போடுவதற்கு முன்பே, அம்மா அதன் இடது தோளை மரவளையத்தில் இறுக்கி, தையல் மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, தலையணை உறைக்குப் பூப்போடுவதுபோலவே துணியைக் கையால் சுற்றிச் சுற்றி நகர்த்துவாள். ஊசி தடதடவென்று வட்டம் வட்டமாக நூலை இழைத்துக்கொண்டு போகும்.

"ஓட்டையே இல்லையேம்மா?"

"காண்டாக் கம்பு வச்சா வந்துரும் லா."

இரு முனையிலும் பால் வாளிகள் தொங்க அப்பா தோளில் சுமக்கும் அந்தக் கம்பு எங்கே அழுத்தும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அது பூவாகத்தான் தெரிந்தது.

பள்ளி திறப்பதற்கு முன், என் புது வெள்ளைச் சட்டையை நீட்டி, எனக்கும் அப்படியே போடச் சொன்னேன். மெஷின் நின்றது. அம்மா சட்டையை வாங்கி, தோளை உள்ளங்கையால் நீவி மடித்து, "ஒனக்கு அது வேணாம்" என்றாள்.

வழவழவென்ற தோளோடு, கோபமாகப் பள்ளிக்குப் போனேன்.