ஒரு திருகாணி கீழே

இப்போது வகுப்பறைச் சுவரில் திரை தொங்குகிறது. அதில் கேள்வி வருகிறது, பிள்ளைகள் பொத்தானை அழுத்துகிறார்கள், பச்சை தெரிந்தால் கைதட்டுகிறார்கள். அந்தப் பச்சையை வைத்த ஆள் யார், அன்றைக்கு அவருக்குப் புத்தி நேராக இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது.

எழுபதுகளில் திருத்தணியில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். புதிதாக வந்த அறிவியல் வாத்தியார் ஒரு பலகையில் பித்தளைத் திருகாணிகளைப் பதித்துக் கொண்டுவந்தார். இடப்பக்கம் பத்துப் பூகோளக் கேள்வி அட்டைகள், வலப்பக்கம் பத்துப் பதில் அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திருகாணி. ஒரு கம்பியைக் கேள்வியிலும் இன்னொன்றைப் பதிலிலும் தொட்டால், பதில் சரியாக இருந்தால், மேலே டார்ச் பல்பு எரியும். பலகைக்குப் பின்னால் கேள்வியையும் அதன் பதிலையும் கம்பியால் இணைத்திருந்தார். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

எனக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் சக்கரம் சுற்றிச் சோப்பு டப்பா ஜெயிக்கிற கடை போடுவார்கள். அந்தக் கடைக்காரரின் சிரிப்பு அப்படியே இந்த வாத்தியார் முகத்திலும் இருந்தது. "பசங்க விளையாடிகினே கத்துக்குவாங்க டீச்சர்" என்றார். விளையாடுவார்கள், அது எனக்கும் தெரியும்.

என் சந்தேகம் ஒரு பெண்மேல் போய் நின்றது. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் மகள், இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். ஏற்கெனவே ஒருமுறை பெயில். என் பூகோள வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவள் நைனா பஸ் ஏறி வந்து என்னிடம் சொல்லிவிட்டே போயிருந்தார்: "அரைப்பரீட்சைல பெயிலானா கூட்டிகினு போயிடறேம்மா. வூட்ல தறிக்குத் தார்க்குச்சில நூல் சுத்த ஆள் இல்ல." அப்படிப்பட்டவளுக்குப் பலகை முன்னால் மட்டும் பத்துக்குப் பத்து எரிந்தது. எந்தக் கேள்விக்கு எத்தனையாவது திருகாணி என்று எண்ணி வைத்திருக்கிறாள், திருட்டுக் கழுதை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒருநாள் பள்ளி விட்ட பிறகு பலகையைத் திருப்பி, பதில் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றையும் ஒரு திருகாணி கீழே இறக்கினேன். கடைசியில் இருந்ததை மேலே ஏற்றினேன். மாட்டினாள் என்று சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். காவிரி பிறக்கும் இடம்? குடகில் வைத்தாள். எரியவில்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "எரியற வரைக்கும் வெச்சிப் பாரு" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே கீழே நகர்த்தினாள். நீலகிரியில் எரிந்தது. தேயிலை விளையும் மலை? நீலகிரியில் வைத்தாள், எரியவில்லை. அதற்கடுத்த தூத்துக்குடியில் எரிந்தது.

மூன்றாவது கேள்விக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டைகளை நான் தொடவே இல்லை, கம்பியை மட்டும் மாற்றியிருக்கிறேன். திருகாணியை எண்ணி வைத்தவளுக்கும் எரியாது, பதில் தெரிந்தவளுக்கும் எரியாது. நானே போய் நின்றிருந்தாலும் எரிந்திருக்காது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாற்பது பிள்ளைகள் முன்னால் இளித்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. "போய் உக்காரு" என்றேன். சாயந்திரம் கம்பிகளை யாருக்கும் தெரியாமல் பழையபடி மாற்றினேன். ஆனால் அவள் அதன் பிறகு பலகைப் பக்கமே போகவில்லை.

அரைப்பரீட்சை வந்தது. அவள் தாளைத் திருத்தினேன். காவிரி நீலகிரியில் பிறந்தது. தேயிலை தூத்துக்குடியில் விளைந்தது. அந்த இரண்டும் தப்பானதால் தேர்ச்சிக்கு நாலு மதிப்பெண் குறைந்தது. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"புத்தகத்துல குடகுன்னுதானே இருக்கு?"

"ஆங் டீச்சர். அது எங்க பாவா, மாமா புள்ள, படிச்ச பழைய புத்தகம். பல்பு புதுசு."

"அதனால?"

"நீங்களும் பார்த்துகினுதானே இருந்தீங்க. தப்புன்னா சொல்லியிருப்பீங்களே?"

கம்பியை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். ஏன் மாற்றினேன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அப்போ நான் மொதல்ல வெச்சது சரியா டீச்சர்?"

"ரெண்டுமே சரி."

அவள் முதலில் வைத்ததற்கு நாலு மதிப்பெண் போட்டேன். அவள் நைனா வரவில்லை, அவள் வகுப்பிலேயே இருந்தாள். ஆனால் அதன் பிறகு நான் கரும்பலகையில் எதை எழுதினாலும், அந்தப் பழைய புத்தகத்தைப் பிரித்து ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதினாள்.