பத்துக் கையெழுத்து, ஒன்பது சத்தம்

“ஒம்போதுதான் மாமா கேட்டுச்சு” என்று டிரில்லர் மறுபடியும் சொன்னான்.

குவாரிக்குள் இன்னும் தூசி அடங்கவில்லை. பாறையில் அவனும் இரண்டு கூட்டாளிகளும் போட்ட குழி பத்து. இறங்கிப் போய்க் கல்லைப் புரட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒரு வெடி மிச்சமிருந்தால் அது அவர்கள் காலடியில் இருக்கும். சத்தம் ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் இறங்கக்கூடாது என்பது எந்தக் குவாரியிலும் விதி. தகரக் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா புருஷன் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

“பத்து கேப்பு குடுத்தேன். பத்துக்கும் கையெழுத்து இருக்கு. பத்தும் வெடிச்சாச்சு. எறங்குங்க.”

“கையெழுத்து வெடிக்குமா மாமா?”

ஆள்கள் அவருக்கு வைத்த பேர் பீரங்கி. பட்டாளத்தில் பதினேழு வருஷம் என்ற ஒரு வரியைக் கேட்டே முதலாளி வெடிவைக்கும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அங்கே என்ன செய்தார் என்று கேட்கவில்லை. டிரில்லருக்குத் தெரியும். ஸ்டோரில் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு பொருள் கையெழுத்தாகி வெளியே போனால் தீர்ந்தது என்று அர்த்தம். அது வெடித்ததா, யார் காலை எடுத்தது என்பதெல்லாம் வேறு இலாகா.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ‘டிலே’ என்ற சொல். வெடியை உடனே வெடிக்க விடாமல், குறித்த நேரம் நிறுத்திவைத்து வெடிக்கச் செய்வது. குழிக்குள் மருந்தைக் கிளப்பிவிடும் கேப்பு ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். ஒன்று முதலில், அரை நொடி விட்டு இரண்டு, பிறகு மூன்று. முன்னால் இருக்கிற கல் விலகினால்தானே பின்னால் இருக்கிற கல்லுக்கு வழி? இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு பீரங்கி ஒரு குடித்தனமே நடத்தினார். பஸ் வராவிட்டால் லாங் டிலே. உலை கொதிக்காவிட்டால் ஷார்ட் டிலே. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்சை நிறுத்தி டிலேக்கு விளக்கம் சொன்னார். நர்ஸ் பாவம், குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

“லாரி நிக்குது. மொதலாளி ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. பதினேழு வருஷம் இதுலயே பொழங்கினவன் சொல்றேன், எறங்குங்கடா.”

“சரி மாமா. நீங்க முன்னால நடங்க, நாங்க பின்னாடியே வர்றோம்.”

கூட்டாளிகளில் ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். பீரங்கி குவாரியைப் பார்த்தார். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். நிதானமாகத் திரும்பக் கட்டினார். அடுத்த காலுக்கும் அதே மரியாதை.

“நான் எறங்கிட்டா ரெஜிஸ்டர யாரு பாக்குறது?”

“அது எங்க ஓடியா போயிரும்?”

“மாப்ள, மரியாத கெட்டுரும். அக்காகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லுங்களேன். ‘உன் தம்பிய எறங்கச் சொன்னேன், நான் எறங்கல’ன்னு அப்படியே சொல்லுங்க.”

யாரும் நகரவில்லை. பீரங்கி பேனாவைத் திறந்து மூன்று பேர் பெயருக்கும் எதிரில் ‘கீழ்ப்படிய மறுப்பு’ என்று எழுதினார். அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது பத்தாவது வெடித்தது. கூரைத் தகரத்தில் சில்லுகள் விழுந்தன. அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரக் கல் ஒன்று உருண்டு, கொஞ்சம் ஆடி, நின்றது.

பீரங்கி மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“பாத்தியா மாப்ள, இதுக்குப் பேருதான் லாங் டிலே.”

மறுநாள் பக்கத்துக் குவாரியிலிருந்து வெடிவைக்க லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தார். அதிகம் பேசவில்லை. எட்டுக் குழி, எட்டுச் சத்தம். தூசி அடங்கியதும் அவர் முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார், பிறகு மூன்று பேரும் இறங்கினார்கள். பீரங்கியை எடைமேடைக்கு மாற்றியிருந்தார்கள். லாரி நம்பர் எழுதினார். அக்கா அவருக்கும் தம்பிக்குமாகக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மதியம் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மழை வந்தது. வேலை நின்றது.