ஒரே பெயருக்கு இரண்டு அருச்சனை

என் பெயர் அமீனா. எங்கள் வீட்டில் யாரும் முஸ்லிம் இல்லை. கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், ஒரு மாடிக் கட்டடத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே வளர்ந்தவள் நான்.

எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்கும் எண் சாத்திரம் பார்த்தே பெயர் வைத்திருந்தார்கள். கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும். பொருள் வராவிட்டால் பாதகமில்லை. ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை, அவரவர் பெயரின் பொருளையும் அது எந்த மொழிச் சொல் என்பதையும் கேட்டு வரச் சொன்னார். என்னோடு படித்த பெரியப்பாவின் மகள், எந்த அகராதியிலும் தன் பெயர் அகப்படாமல், 'எட்டாம் எண்ணைத் தவிர்ப்பது' என்று எழுதிக்கொண்டு போனாள்.

எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அம்மா புட்டுக்கு மாக் குழைத்தபடியே சொன்னார்.

"அரபுச் சொல்லு. ஆமினா எண்டால் பயமில்லாமல் பாதுகாப்பா இருக்கிறவள். அமீனா எண்டால் எதையும் நம்பி ஒப்படைக்கக்கூடியவள். ரெண்டும் ஒரே வேர்தான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"யாழ்ப்பாணத்தில என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்ச அமீனா. அவளின்ர பேரைத்தான் உனக்கு வைச்சனான்."

"அவ இப்ப எங்க?"

"தெரியாது. அவையள் எல்லாரும் ஒரே நாளில ஊரை விட்டுப் போட்டினம்."

எங்கள் கட்டடத்துக் குடும்பங்களும் அப்போது வாடகைக்கு லொறி பிடித்து, கிழக்கே வீடு மலிந்த அஜக்ஸ் நகருக்குப் போய்க்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து அமீனா வீட்டாருக்கும் அப்படி எங்கேயோ மலிவாக வீடு கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி அஜக்ஸுக்குப் போனவர்களில் ஒருவர் மாமி, அப்பாவின் அக்கா. என் பெயர் தொடக்கத்திலிருந்தே அவர் தொண்டையில் மாட்டிய மீன்முள். வீட்டுப்பாடக் கதை காதில் விழுந்ததும் நேரே வந்துவிட்டார்.

"நாளைக்குக் கலியாணப் பேச்சு வந்தால் பொம்பிளையின்ர பேர் என்னெண்டு சொல்லுறது? அமிர்தா எண்டு மாத்துங்கோ. கோயில்ல ஐயர் ஒருக்காச் சொன்னாரெண்டால் ஒட்டியிடும். பேந்து பேப்பரில மாத்தலாம்."

அப்பா தன் அக்காவுக்கு எதிராக வாய் திறப்பதில்லை. அம்மா மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். என் பிறந்தநாளன்று பெயரை மாற்றுவதென்று முடிவாயிற்று. எனக்கு இரண்டு பெயரும் சம்மதமே. அமீனாவை ஆசிரியர்கள் பிழையில்லாமல் சொன்னார்கள். அமிர்தாவோடு ஒரு புதுச் சட்டை வருவதாக இருந்தது.

கோயிலில் மாமி அருச்சனைத் தட்டத்தோடு முன்னால் போய் நின்றார். ஐயர் பெயர் கேட்டார்.

"அமிர்தா," என்றார் மாமி.

"அமீனா," என்றார் அம்மா.

ஐயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? சாமிக்கு முன்னால நிண்டு..."

"பிறந்த நட்சத்திரத்தையும் மாத்தப் போறியளே, மச்சாள்?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "அமீனா, ஐயா. பூரட்டாதி."

அம்மா மாமியை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. "பிள்ளையின்ர பேரைத் தாய் சொன்னால் சரிதானே," என்று ஐயர் தொடங்கிவிட்டார். வடமொழியின் நடுவே என் பெயர் எங்கும் இடறாமல் போயிற்று.

அது முடிந்ததும் அம்மா இன்னொரு அருச்சனை ரிக்கற்றை நீட்டினார்.

"இது ஆருக்கு?"

"அமீனா."

"நட்சத்திரம்?"

அம்மா தயங்கினார். "தெரியாது, ஐயா."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெத்த பிள்ளையின்ர நட்சத்திரம் அதுக்குள்ள மறந்து போச்சோ!"

அம்மாவைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. "பூரட்டாதி!" என்று கோயில் அதிரக் கத்தினேன். ஐயர் தலையாட்டிவிட்டு, அதே பெயரை அதே நட்சத்திரத்தோடு மீண்டும் சொன்னார். அம்மா திருத்தவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பி, ஐயர் திருநீற்றை நீட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரியாமல் நின்றார்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் 1990இல் தமிழ் இயக்கம் ஒரே நாளில், துவக்கு முனையில், கையில் கொண்டுபோகக்கூடியதோடு மட்டும் துரத்திய கதையை நான் வாசித்து அறிந்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. அன்று நான் அறிந்ததெல்லாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு அருச்சனை, எனக்கு இரண்டு என்பதுதான். திரும்பும்போது காரில், எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்டு உனக்கு," என்றார் அம்மா.

மற்றதும் எனக்குத்தான் என்று நினைத்து, மேற்கொண்டு நான் கேட்கவில்லை.