ரோஸ் தீவுக்குத் திரும்பிய கல்

எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லை நான் ஒரு கல்லறையிலிருந்து பெயர்த்து எடுத்து வந்தேன். தெரிந்தேதான் எடுத்து வந்தேன். மனைவியிடம் மட்டும் வேறு கதை சொன்னேன்.

அறுபதுகளில் அந்தமானில், ஹேடோ துறைமுக வேலையில் கொத்தனாராக இருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் நாங்கள். குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் கொடுத்தார்கள், கூரைக்குத் தகரம் கொடுத்தார்கள், துணி அடித்துத் துவைக்க ஒரு கல் கொடுக்கவில்லை. ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. இங்கே கிடைக்கிற கல்லோ நாலு அடிக்குப் பொரிந்து உதிர்ந்துவிடும். பலகையில் துவைத்தால் அழுக்குப் போகாது என்று என் மனைவி தினமும் முணுமுணுத்தாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ரோஸ் தீவுக்குப் படகேறினேன்.

அப்போது அந்தத் தீவு ஆளில்லாமல் கிடந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன மாளிகை, தேவாலயம், பட்டாளத்து வரிசை வீடுகள் எல்லாவற்றையும் ஆலவேர் பிடித்துக்கொண்டிருந்தது. கதவு, ஓடு, செங்கல் என்று ஆளாளுக்குக் கழற்றி வந்தார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் தேவாலயத்துக்கு அப்பால் சரிவில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டடிக்கு ஒன்றேகாலடி, வெள்ளைச் சலவைக்கல். மேலே இங்கிலீஷ் எழுத்து. எழுத்து அடியில் போகும்படி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பாதிரியார் வீட்டு இடிபாட்டில் சும்மா கிடந்தது என்று வீட்டில் சொன்னேன்.

நாலு மாதம் அதில்தான் எங்கள் துணி எல்லாம் வெளுத்தது. மழை பிடித்தபோது அடியில் மண் அரித்துக் கல் ஒரு பக்கம் சாய்ந்தது. சரி செய்யலாம் என்று அவளே கடப்பாரையை விட்டுப் புரட்டியிருக்கிறாள். ஏழு மாதம் அவளுக்கு. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். நான் வேலை விட்டு வந்தபோது கல்லின் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். அதன் கீழே, பதினோரு நாள் வயது.

எங்கள் முதல் பிள்ளை இங்கே ஹேடோவில்தான் பிறந்தது, ஒன்பது நாள்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தாய் கல்லறைக்குப் போகிற வழக்கம் இல்லை. அன்றைக்கு அவளால் எழுந்திருக்கவும் முடியவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பெட்டியை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். ஆறு மாதம் கழித்து இடத்தைக் காட்டச் சொன்னாள். மழையில் மரச்சிலுவை போய்விட்டது, இடம் அடையாளம் தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"இத அதுக்க எடத்துலயே வச்சிட்டு வருவோம்," என்றாள். "பேரு கூட இல்லாம ஒரு பச்சப்புள்ள கெடக்கு. நாம அது தலைமாட்டுல துணி தொவைச்சிருக்கோம். இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"நான் கொண்டு போயி வச்சிட்டு வாறேன். நீ இந்த வயித்த வச்சுக்கிட்டு அங்க எதுக்கு?"

"நானும் வாறேன்."

அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை. அவள் கூட வந்தால் பாதிரியார் வீட்டைக் காட்டி, அங்கேயே கல்லை வைத்து, ஒரு ஜெபம் சொல்லித் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் கல்லைப் பதிக்கச் சுண்ணாம்பும் எடுக்கவில்லை, பூசுகிற கரண்டியும் எடுக்கவில்லை.

அபர்டீன் துறையில் ஒரு உள்ளூர்க்காரர் படகு வைத்திருந்தார். கல்லைப் பார்த்ததும் சிரித்தார். "எல்லாரும் அங்கேர்ந்து கொண்டு வராங்க பாய், நீங்க வாபஸ் கொண்டு போறீங்களா?" என்றார். என் மனைவியின் வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இறங்குதுறையில் எங்களை விட்டுவிட்டு வானத்தைக் காட்டினார். "ஏக் கண்டா. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். காத்து திரும்பினா நான் நிக்க மாட்டேன். பெஹன்ஜியை, உங்க வீட்டம்மாவை, ஜல்தி கூட்டிட்டு வந்துடுங்க."

சும்மாடு கூட்டிக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். ஏறத்தாழ ஒரு சிமெண்டு மூட்டையில் பாதி எடை. ரொட்டிக் கிடங்கு இருந்த இடத்தைத் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்குகிறது. பழைய செங்கல் பாவிய பாதைதான், ஆனால் பாசி. அவள் என் முன்னால் நடந்தாள். ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து, பிறகு அழுத்தினாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வழுக்கி விழுந்தால் கல்லைப் போட்டுவிட்டுப் பிடிக்க முடியுமா, கல் அவள் மேலேயே விழுமா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வரிசை வீடுகளுக்குள் மான்கள் நின்றிருந்தன. சுவர் இல்லாத இடத்தில் வேரே சுவராக நின்றது. அவள் ஒரு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. இடுப்பு பிடிக்கி."

"திரும்பிருவோம்."

"நடங்க."

தேவாலயத்துக்குக் கூரை இல்லை. கோபுரத்தை ஆலவேர் இறுக்கிக் கட்டியிருந்தது. பீடம் இருந்திருக்க வேண்டிய பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அது நம் சபைக் கோயில் இல்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பக்கத்திலேயே பாதிரியார் வீடு, நாலு சுவரும் ஒரு படிக்கட்டும். உள்ளே போய்க் கல்லை இறக்கினேன்.

"இங்கதான் கெடந்துச்சு."

அவள் சுற்றிப் பார்த்தாள். "இது வீடுல்லா. யாரோ கல்லறையிலேர்ந்து பேத்து இங்க கொண்டு போட்டிருக்கான். கல்லற எங்கன இருக்கு?"

யாரோ. அந்தச் சொல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. "அந்தப் பக்கம் எங்கயோ இருக்கும். நேரம் ஆச்சு, படகுக்காரன் போயிருவான்," என்றேன். அவள் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கினாள். மறுபடி கல்லைத் தூக்கினேன், இந்த முறை தோளில்.

கல்லறைத் தோட்டம் சரிவில் இருந்தது. முப்பது நாற்பது மேடுகள் இருக்கும். பாதிக்குமேல் புதரும் வேரும் மூடியிருந்தன. அவள் மேல் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். கொடியை விலக்கி, குனிந்து, கல் இருக்கிறதா என்று கையால் தடவினாள். இருந்தால் அடுத்தது. சின்ன மேடாக இருந்தால் முட்டி போட்டு உட்கார்ந்தே பார்த்தாள். அந்த வயிற்றோடு எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

அந்தக் கல்லை நான் பெயர்த்த இடம் கீழ்க் கோடியில், இரண்டாவது வரிசையில், ஒரு பாதாம் மரத்தை ஒட்டி இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து இருபது எட்டு வைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு போவேன். போனால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் நான் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு தேடுகிறவனைப் போல நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஈனத்தனங்களில் அதற்கே முதலிடம்.

மழை தூற ஆரம்பித்தது. கீழே துறையிலிருந்து படகுக்காரர் துடுப்பால் படகைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் ஐந்தாவது மேட்டில் இருந்தாள். ஆறாவதுக்கு எழுந்தவள் பாதியில் அப்படியே மடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் இருந்தாள்.

"ஏளா, போதும். இங்கனயே எங்கயாவது வச்சிருவோம். சாமி புரிஞ்சுக்குவாரு."

"அது தாய்க்குப் புரியாதுல்லா," என்றாள். பிடிப்பு விட்டதும் ஆறாவது மேட்டுக்கு ஊர்ந்து போனாள்.

நான் கீழ்க் கோடிக்கு நடந்தேன். பாதாம் மரத்தடியில் கொடியைக் காலால் தள்ளிக் கல்லை இறக்கினேன்.

"இங்க," என்றேன்.

அவள் மெதுவாக எழுந்து வந்தாள். செங்கல் கட்டில் கல் இருந்த இடம் நீள்சதுரமாகச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. நாலு ஓரத்திலும் உளி பட்ட தடம். கொத்தனார் பெண்டாட்டிக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து தடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"யாரு பெத்த புள்ளையோ, அதுக்க எடம் இவ்வளவு நாள் கழிச்சு, காட்டுக்குள்ள, உங்களுக்கு மறக்கல," என்றாள். "நம்ம புள்ள எடம் மட்டும் எப்படி மறந்துச்சு?"

துடுப்புச் சத்தம் மறுபடி கேட்டது. நான் கல்லை அதன் இடத்தில் பொருத்தினேன். சுண்ணாம்பு இல்லாததால் ஓரத்தில் களிமண்ணை அள்ளி அப்பி, உடைந்த செங்கல்லால் அணைத்தேன். எழுத்து மேலே பார்த்து இருந்தது. வேலை முடிந்த பிறகும் நான் நிமிரவில்லை.

"மறக்கல," என்றேன். "நான் உள்ள போகவே இல்ல. கல்லற வாசல்லயே பெட்டிய கூட வந்தவன் கையில குடுத்துட்டு வந்துட்டேன். என்னால முடியல."

இரண்டு வருடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது அது. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி.

"கூட வந்தது யாரு?"

என்னோடு வேலை செய்த சக கொத்தனார் ஒருவரைச் சொன்னேன். ஹேடோவில்தான் இருந்தார், எங்களுக்கு நாலு வரிசை தள்ளி.

"வாங்க," என்றாள்.

படகுக்காரர் போகவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவளைக் கைபிடித்து ஏற்றினார். கடல் முழுக்க ஆட்டம். அவள் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டிருந்தாள். துறைக்கு வருவதற்குள் பிடிப்பு நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன், அப்புறம் என்றாள்.

அந்த நண்பர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நனைந்து நின்ற எங்களைப் பார்த்து, எங்கள் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்டதும், தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். கல்லறை வேலியோரம் மூன்றாவது தூண், அதிலிருந்து ஐந்து எட்டு உள்ளே, ரெண்டு செங்கல் குத்தி வைத்திருக்கிறேன் என்றார். நீ ஒரு நாளாவது கேட்பாய் என்று பார்த்தேன் என்று என்னிடம் சொன்னார்.

கல்லறை கேட்டில் அவள் நிற்கவில்லை, நேராக உள்ளே போனாள். வழக்கத்தை எல்லாம் அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானும் உள்ளே போனேன்.